குறுஞ்செய்தி போனதா? நிரலுக்கும் உண்டு ‘டூப்’

பழனிசெட்டிபட்டியில் ஒரு பள்ளி. அங்கே பிளஸ் டூ கணினி அறிவியல் மாணவர்கள் பைத்தானில் ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு வராத மாணவரின் பெற்றோருக்கு அது குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். தேனி மாவட்டத்துப் பெற்றோர் பலர் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். வகுப்பில் இருக்கும் பிள்ளை ‘வரவில்லை’ என்று தவறான செய்தி போனால், பதறி மலையிறங்கும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும். வராத பிள்ளையைப் பற்றிச் செய்தி போகாமல் இருப்பதோ அதைவிட ஆபத்து.

எனவே நிரலைச் சோதிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் உண்மையான பெற்றோருக்குச் செய்தி அனுப்ப முடியாது. இங்கேதான் அலகுச் சோதனை, அதாவது யூனிட் டெஸ்டிங், உதவுகிறது. நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியே எடுத்து, அதைச் சுற்றியுள்ளவற்றுக்குப் பதிலாள் வைத்துச் சோதிக்கிறோம். சினிமாச் சண்டைக் காட்சியில் வரும் ‘டூப்’ போன்றதுதான் இந்தப் பதிலாள். ஜெரார்டு மெசாரோஸ் 2007இல் வெளியிட்ட தம் நூலில் இதற்கு ‘டெஸ்ட் டபுள்’ என்றே பெயர் வைத்தார். அவற்றுள் இரண்டு வகைகளை இங்கே பார்ப்போம்.

ஸ்டப்: சொல்லிக்கொடுத்த பதிலை மட்டும் தரும். வருகைப் பதிவேட்டுக்குப் பதிலாக இதை வைத்தால், ‘7ஆம் எண் மாணவர் வரவில்லை’ என்று நாம் சொல்லிவைத்ததையே சொல்லும்.

மாக்: தன்னை எத்தனை முறை, என்ன விவரத்துடன் அழைத்தார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளும். செய்தி அனுப்பும் செயற்கூறின் இடத்தில் இதை வைக்கலாம்.

இப்போது சோதனையை ஓட்டுவோம். ஒருவர் வராத நாளில், சரியான கைபேசி எண்ணுடன் மாக் ஒரே ஒரு முறை அழைக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லோரும் வந்த நாளில் ஒரு முறைகூட அழைக்கப்பட்டிருக்கக் கூடாது. இரண்டாவது சோதனையை மாணவர்கள் எளிதில் மறந்துவிடுவார்கள். தவறான செய்தியைத் தடுப்பது அதுதான்.

எல்லா இடத்திலும் மாக் தேவையில்லை. மதிப்பெண் சராசரி காணும் செயற்கூறில் விடை சரியா என்று பார்த்தால் போதும். செய்தி அனுப்புவதில் அழைப்பதே விளைவு. எனவே அழைப்பைச் சரிபார்க்கிறோம்.

பைத்தான் 3.3 பதிப்பிலிருந்து (2012) இந்த வசதி மொழியுடனேயே வருகிறது. ஒரு எச்சரிக்கை: சாதாரண மாக், எந்தப் பெயரில் அழைத்தாலும் தலையாட்டும். உண்மையான செயற்கூறின் பெயர் மாறியிருந்தாலும் சோதனை வெற்றி என்றே காட்டும். ‘ஸ்பெக்’ என்ற அமைப்பின் மூலம் அசலைக் காட்டிக்கொடுத்தால், அதில் இல்லாத பெயரை அது ஏற்காது. மேலும், அழைத்தோம் என்பதற்குத்தான் மாக் சாட்சி. செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. கடைசியாக ஒரு முறை ஆசிரியரின் கைபேசிக்கே உண்மையில் அனுப்பிப் பாருங்கள்.

தொடக்க வகுப்புகளில் கணினி இல்லாமலே இதை விளையாடலாம். ஒரு குழந்தை பதிவேடு. சீட்டில் உள்ளதை மட்டும் படிக்கும். ஒரு குழந்தை தபால்காரர். தன்னிடம் வந்த ஒவ்வொரு செய்தியையும் நோட்டில் குறிக்கும். நடுவில் நிற்கும் குழந்தைதான் நிரல். ஆட்டம் முடிந்ததும் சீட்டையும் நோட்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். பிழை எங்கே என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.