உங்களுக்குத் தெரியுமா? கோட்டைக்கு வந்த 410 காரட் கல்

விம்கோ நகரில் மெட்ரோ ஏறி உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் என்.எஸ்.சி. போஸ் சாலை நகைக்கடைகள். சற்றுத் தள்ளி, புனித ஜார்ஜ் கோட்டை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கவர்னராக இருந்த தாமஸ் பிட்டிடம், பட்டை தீட்டாத 410 காரட் வைரத்துக்கு வியாபாரி ஜம்சந்த் 2 லட்சம் வராகன் கேட்டார். முடிந்தது 48,000-க்கு! இங்கிலாந்தில் பட்டை தீட்டியதும் மிஞ்சியது சுமார் 140 காரட்தான். 1717-இல் பிரான்சுக்கு விற்கப்பட்டு, இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தப் பேரம் நமக்கு வாய்க்காது. ஆனால் பிட்டைப் போல உதிரிக் கல்லாகப் பார்த்து வாங்கலாம். நகையில் பதித்துவிட்டால் சில குறைகள் பிடிக்குள் மறைந்துவிடும். கல்லைத் தனியே எடை போடவும் முடியாது. (ஒரு காரட் 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட்.)

மூக்குத்தி வாங்கும்போது ‘ப்ளூ ஜாகர்’ என்பார்கள். அது பழைய வியாபாரப் பெயர், வைரத்தைத் தரம் பிரிக்கும் ஜி.ஐ.ஏ. நிறுவனத்தின் சான்றிதழில் அப்படி ஒரு தரமே இல்லை. அதில் நிறம் ‘டி’ முதல் ‘இசட்’ வரைதான். வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் பேனா கருவியை மட்டும் நம்ப வேண்டாம், வைரம் போலத் தோன்றும் மொய்சனைட் கல்லும் அதில் வைரமாகத் தேறிவிடும். பல கற்களின் இடுப்பு விளிம்பில் சான்றிதழ் எண் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். பணம் கட்டும் முன் லென்ஸ் கேட்டு வாங்கி, ஒத்துப் பாருங்கள்.