காவிப் பல்லுக்கு வெனீர்: சம்மதிப்பதற்கு முன்

நாகமலை புதுக்கோட்டையிலும் அதைச் சூழ்ந்த மதுரைச் சமவெளியிலும் பூமிக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. அப்பாறையின் கனிமங்களிலிருந்து கரையும் ப்ளூரைடு போர்த் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5-க்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அந்த எல்லை மீறிய நீரை எட்டு வயதுக்குள் தொடர்ந்து குடித்த பிள்ளைக்கு, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமலே பழுதாகி, பல் வெண்கோடுகளோடு முளைத்து, பின்னர்க் காவித் திட்டுகளும் கொள்கின்றது. பல் துலக்காததால் வந்த கறை என்று அப்பிள்ளையை ஏசுவது பெரும் அநியாயம்.

சென்னை மாகாணத்தின் நெல்லூர் ஜில்லாவில் 1937-இலேயே வைத்தியர்கள் பதிவு செய்த வியாதி இது. இதே ப்ளூரைடு தொல்லைக்கு ஆளான தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் நல்ல ஜலம் இனிப் பிறக்கும் குழந்தைகளைக் காக்குமேயன்றி, முளைத்துவிட்ட பல்லை வெளுப்பாக்காது. ஆகையால்தான் பெண் பார்க்க வரும் நாளிலும் வாயைப் பொத்திச் சிரிக்கும் இளைஞர்கள் பல் வைத்தியரை நாடுகிறார்கள். அந்த ஆசையில் குற்றம் யாதும் இல்லை.

பீங்கான் வெனீர் நகத்தளவு கனமே உள்ள மெல்லிய ஓடு. அதைப் பொருத்தப் பெரும்பாலும் பல்லின் முன்புறத்தை அரை மில்லிமீட்டர் அளவில் அராவி, அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கி, பசையால் ஒட்டுகிறார்கள். அராவிய எனாமல் மீண்டும் வளர்வதில்லை. ஓடு உடைந்தாலோ கழன்றாலோ மறுபடி செலவுதான். ப்ளூரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாததால், ஒட்டுதலிலும் தனிக் கவனம் வேண்டும். லேசான கறையை மேற்பரப்பைச் சிறிது தேய்த்தும் வெளுப்பூட்டியுமே பெரிதும் குறைக்கலாம். சற்றுக் கூடுதலானால் காம்போசிட் என்னும் பல்நிறப் பிசின் பூச்சு உண்டு. இவற்றைச் சொல்லாமல் நேரே வெனீருக்கு அழைப்பவரிடம், ஏன் என்று கேட்பது நோயாளியின் உரிமை; சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, அபாயம் ஆகியவற்றை விளக்கிய பின்னர்ப் பெறுவதே சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெறாதவரிடம், அழகு நிலையமாயினும் சரி, பல்லைக் கொடுக்கலாகாது. ஒரு பல்லுக்கு எவ்வளவு, உடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் வாங்கி, முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் ரசீதையும் பத்திரப்படுத்துவது அவசியம்.

தவறு நேர்ந்தால் நடத்தை பற்றிய புகாரைக் கவுன்சிலுக்கும், நஷ்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் கொண்டுபோகலாம். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணமே இல்லை. கட்டணம் பெறும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்பது 1995-இலேயே தீர்ந்துபோன விஷயம். எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் செய்யும் அரசு மருத்துவமனைக்கு அது பொருந்தாது.

சிறு குழந்தை உள்ள வீட்டார், போர்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்வது நலம். கொதிக்க வைத்தால் ப்ளூரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.