விளம்பரமே இல்லாமல் கூடும் கூட்டம்: திருவண்ணாமலையில் ரீல்ஸ் செய்யும் வேலை

திருவண்ணாமலைக்குக் கூட்டம் புதிதல்ல. பௌர்ணமி என்றால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் மனிதத் தலைகளால் நிறைந்துவிடும். ஆனால் கார்த்திகை மாதத்தில், அமாவாசைக்கு முந்தைய நாள் மாலையில், குபேர லிங்கத்தின் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அவர்கள் எப்படி வந்தார்கள்?

'குபேர கிரிவலம்' என்கிறார்கள். அன்று குபேரனே வந்து லிங்கத்துக்குப் பூஜை செய்கிறானாம். அந்த நேரத்தில் வணங்கிவிட்டு மலையைச் சுற்றினால் செல்வம் சேருமாம். தலபுராணத்தில் இப்படி எதுவும் இல்லை என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. யார் கேட்கிறார்கள்? எட்டு லிங்கங்களும் பாதையில் காலங்காலமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் தனி நாளும் தனிக் கூட்டமும் சேர்ந்ததில் வாட்ஸ்அப்புக்கும் யூடியூபுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

கவனித்துப் பார்த்தால், மார்க்கெட்டிங் வகுப்பில் சொல்லித்தரும் அத்தனையும் அந்தத் தகவலில் இருக்கிறது. வருஷத்தில் ஒரே நாள். எத்தனை மணிக்குத் தரிசனம், எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு. கிடைக்கப்போகும் பலன். கடைசியில், 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்'. அனுப்புகிறவருக்குக் காசும் செலவில்லை, புண்ணியமும் கிடைக்கிறது. இதில் விளம்பரதாரர் என்று தனியாக ஒருவர் இல்லை, நாம்தான் விளம்பரதாரர்கள்.

முன்பும் இந்த ஊரின் பெயர் வெளியூர்களுக்குப் பரவத்தான் செய்தது. ஆனால் நிதானமாக. ரமணரைப் பற்றிப் பால் பிரண்டன் எழுதிய புத்தகம் 1934ல் லண்டனில் வெளியானது. அதன் பிறகுதான் வெளிநாட்டவர் வரத்து கூடியது. 1938ல் எழுத்தாளர் சாமர்செட் மாம் ஆசிரமத்துக்கு வந்தார். பிறகு ரஜினிகாந்த் கிரிவலப் பாதைக்கு விளக்குகள் போட்டுக் கொடுத்தது தமிழ்நாடு முழுக்கப் பேச்சானது. ஒரு புத்தகம், ஒரு நடிகர் என்று ஒவ்வொரு அலைக்கும் வருஷக்கணக்கில் ஆனது.

2016ல் ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த சில நாட்களில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவில் களமிறங்கின. இவற்றின் கணக்கு எளிமையானது. ஒரு வீடியோவை முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டும். அவர்கள் கடைசிவரை பார்த்தால், பகிர்ந்தால், இன்னும் பலருக்குத் தள்ளும். பார்க்கிறவர் உங்களைப் பின்தொடர்கிறாரா என்பதுகூட முக்கியமில்லை. விஷயம் உண்மையா என்று அது பார்ப்பதில்லை. விரல் நின்றதா என்றுதான் பார்க்கிறது.

தெலுங்கு பேசும் பக்தர்கள் பெருகியதற்கும் இதுவே பாதை. சாகண்டி கோடேஸ்வர ராவ் போன்றவர்களின் சொற்பொழிவுகள் யூடியூபில் துண்டு துண்டாகப் பரவ, ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வார நாட்களிலும் கூட்டம் வருகிறது. அவர்கள் தேடுவது 'அருணாச்சலம்' என்ற பெயரில். அதனால் லாட்ஜும் மெஸ்ஸும் தங்கள் பலகையில் தெலுங்கைச் சேர்த்தன. ஊர்ப் பெயரையே மாற்றிவிடுவார்களோ என்ற குரலும் எழுந்தது. ஹேஷ்டேக் பலகையாகி, பலகை அரசியலாவதற்கு இப்போதெல்லாம் ரொம்ப நாள் ஆவதில்லை.

வியாபாரிகளுக்கு இது லாபம்தானே என்றால், பாதி சரி. தேரடி வீதியில் கடை வைத்திருப்பவருக்கு முன்பெல்லாம் இடம்தான் விளம்பரம். கோபுரத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு வியாபாரம். இன்று சந்துக்குள் இருக்கும் இட்லிக் கடைக்கும் ஒரு ரீல்ஸால் வரிசை நிற்கும். அடுத்த மாதம் அந்த வரிசை வேறு கடைக்குப் போய்விடும். கூகுள் மேப்பில் யாரோ கொடுத்த ஒற்றை ஸ்டார், முப்பது வருஷப் பேரையும் அசைத்துப் பார்க்கிறது.

இன்னொரு சிக்கல், காசு வாங்கிக்கொண்டு 'சூப்பரா இருக்கு மக்களே' என்று சொல்லும் வீடியோக்கள். விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021லேயே, பணமோ பொருளோ வாங்கிப் போடும் பதிவில் 'விளம்பரம்' என்று குறிப்பிட வேண்டும் என்றது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் விதிகளை விளக்கியது. இலவசத் தங்கலும் இலவசச் சாப்பாடும்கூட இந்தக் கணக்கில் சேரும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும். நம்ம ஊர் ஃபுட் விலாகர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள் என்று கேட்காதீர்கள்.

பணம் போவது இன்னும் மோசமான வழியில். தங்குமிடம் கிடைக்காத தவிப்பைப் பயன்படுத்திப் போலிப் பக்கங்கள் முளைக்கின்றன. ஆசிரமப் படம், நல்ல பெயர், ஒரு வாட்ஸ்அப் எண், 'பாதி தொகையை இப்பவே ஜிபே பண்ணுங்க' என்ற பேச்சு. புனிதத் தலங்களுக்குப் போகிறவர்களைக் குறிவைக்கும் இத்தகைய மோசடி பற்றி 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையமே எச்சரித்தது. முன்பணம் அனுப்புவதற்கு முன், விடுதியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசிவிடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கை மாறிவிடும்.

இதையெல்லாம் விட உறுத்துவது ஒன்று. கிரிவலப் பாதையில் சாமியார்கள் இருக்கிறார்கள். போக்கிடம் இல்லாத முதியவர்களும், மனநலம் குன்றியவர்களும் இருக்கிறார்கள். அதிகம் பேசாத ஒருவரை யாராவது வீடியோ எடுத்து 'இவர் சித்தர், இவர் பார்வை பட்டாலே போதும்' என்று போட்டுவிட்டால் கதை முடிந்தது. மறுநாளிலிருந்து அவர் எங்கே போனாலும் பின்னால் பத்து செல்போன். அவர் குடித்து வைத்த டீயைப் பிரசாதம் என்று எடுக்கப் போட்டி. பார்வைக் கணக்கு ஏறுகிறவருக்கு வருமானம். படமாகிறவருக்கு ஒதுங்கி உட்கார ஒரு மர நிழல்கூட மிஞ்சாது. அவரிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் அவர் இருக்கிறாரா என்பதும் தெரியாது.

கோயில்களுக்குள் செல்போன் கொண்டுசெல்லத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அது கோயில் மதிலுக்கு உள்ளே. இந்தப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பது சாலையோரத்தில்.