தட்டு ஓயுமுன் படியெடுங்கள்

நாவிதன்வெளியிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நேர்வழி கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து செல்வது. மாரி மழை பொழிந்து, வெள்ளம் தாம்போதியின் மேலாகப் பாய்ந்து, போக்குவரத்து நின்றுபோன நாட்கள் எத்தனையோ உண்டு. அத்தகைய நாளொன்றில் வீட்டுக் கணினி 'டக், டக்' என்று ஓசையெழுப்பத் தொடங்கினால் வீட்டார் என்ன செய்வர்? நிறுத்துவர், மீண்டும் போடுவர். ஓடாவிட்டால் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டி மறுபடியும் போடுவர். வெள்ளம் வடியும்வரை இவ்வாறே பத்து முறை, இருபது முறை முயன்று பார்ப்பர். பின்னர் அதனைத் தூக்கிக்கொண்டு கல்முனைக் கடைத்தெருவை அடையும்போது, மீட்பதற்கு அதனுள் அதிகம் எஞ்சியிராது. இது வெள்ளம் விளைத்த கேடன்று. ஆவல் மிகுதியால் வீட்டாரே விளைத்துக்கொண்ட கேடு.

கணினி போனாற் போகட்டும். பணமிருந்தால் வேறொன்று வாங்கலாம். அதனுள்ளே இருப்பவற்றின் நிலை அத்தகையதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலும், கல்முனையிலும், சாய்ந்தமருதிலும் கரையோர வீடுகளோடு வீட்டுப் படங்களும் கடலோடு போயின. அதன் பின்பு, வெளிநாட்டில் தொழில் பார்த்த பிள்ளையிடமிருந்தும் தூரத்து ஊரில் இருந்த உறவினரிடமிருந்தும் ஒன்றிரண்டு பழைய படங்களைத் தேடிப்பெற்றுக் கணினியில் ஏற்றி வைத்த குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். உம்மாவின் முகத்தைக் காட்டும் ஒரே படம் இன்று அந்தப் பழைய கணினியில் மட்டுமே இருக்கலாம். காணி உறுதியின் படம், காலஞ்சென்ற வாப்பாவின் குரல், மகளின் திருமணக் காட்சிகள் யாவும் அந்த ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கலாம். ஆகவே, பெட்டி நோயுறும் நாளில் முதல் ஒரு மணி நேரத்தில் நாம் செய்வதும் செய்யாதிருப்பதும் மிக முக்கியமாகின்றன.

தட்டும் முனையும்

பாடநூல்களில் வன்தட்டு என்றும் கடைத்தெருவில் ஹாட் டிஸ்க் என்றும் வழங்கும் சாதனம் கையகலப் பெட்டி ஒன்றே. அதனுள்ளே காந்தப் பூச்சுப் பூசிய வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேல், தொட்டும் தொடாமலும், வாசிக்கும் முனை மிதந்து செல்கிறது. நமது தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறக்குறைய 70,000 நானோமீற்றர். தட்டுக்கும் முனைக்கும் இடையேயுள்ள வெளியோ சில நானோமீற்றரே! ஒரு தூசித் துகள் அங்கே பெரும் பாறைக்கு ஒப்பாகும்.

1956இல் ஐ.பி.எம். கம்பனியார் முதன்முதலாக வெளியிட்ட தட்டு யந்திரம் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. அதன் நிறை ஏறக்குறைய ஒரு தொன். அவ்வளவு பெரிய யந்திரம் கொண்டது 50 இலட்சம் எழுத்துகள்தாம். இன்று கைப்பேசியிற் பிடிக்கும் படம் ஒன்றிரண்டுக்கே அது போதும்.

தட்டில் எழுதப்படுவன யாவும் 512 பைட்டு, புதியவற்றில் 4,096 பைட்டு என்னும் அளவான சிறு துண்டங்களாகப் பதிகின்றன. ஒரு துண்டம் வாசிக்கக் கிடைக்காவிடின், தட்டு தானாகவே அதனை மீண்டும் மீண்டும் வாசிக்க முயல்கிறது. கணினி உறைந்து நிற்பதும், ஒரு படத்தைத் திறக்கப் பல நிமிடங்கள் செல்வதும் இதனாலேயே. மேற்பரப்பு உரிந்திருக்குமாயின், ஒவ்வொரு முயற்சியிலும் முனை அந்தப் புண்ணின் மேலேயே சென்று வருகிறது. உதிர்ந்த துகள் நல்ல இடங்களையும் கீறுகிறது. நோயுற்ற தட்டுக்கு இன்னும் எத்தனை மணி நேர ஆயுள் உண்டென்பதை எவரும் அறியார். அந்த ஆயுளைப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதிற் செலவிடலாமா என்பதே கேள்வி.

ஏடு காட்டிய வழி

இக்கேள்விக்கான விடையை நம்மவர் கணினிக்கு வெகு காலம் முன்னரே கண்டுவிட்டனர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். பழைய ஏடுகள் தொட்ட மாத்திரத்தே ஓரம் உதிர்ந்து முறிந்துபோன அவலத்தை அவர் தம் பதிப்புரையிலே வருந்தி எழுதியுள்ளார். முறியும் ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் படித்துக்கொண்டிருத்தல் இயலாது. எழுத்துத் தெரிகிறவரையில் தாளிற் படியெடுத்துக்கொண்டு, ஆராய்ச்சியையெல்லாம் அந்தப் படியின்மீது நடத்துவதே அறிவுடைமை. வன்தட்டுக்கும் இதுவே விதி. முழுத் தட்டையும், கோப்பு எது, வெற்றிடம் எது என்று பாராமல், உள்ளது உள்ளபடி வேறொரு தட்டுக்குப் படியெடுக்க வேண்டும். தேடுவதும் திருத்துவதும் அதன் பின்னர், அப்படியின் மேலே.

இதற்கெனவே எழுந்த மென்பொருள் ஒன்று உண்டு. அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் 2004இல் வெளியிட்ட 'டிடி ரெஸ்கியூ' என்பது அது. விலை கொடுக்க வேண்டியதில்லை. வட்டையிலே நன்றாக விளைந்து நிற்கும் வயலை முதலில் அறுத்துவிட்டுச் சாய்ந்து சேற்றிற் கிடக்கும் கதிரைப் பின்னர் பொறுக்குவது நமது வழக்கமன்றோ? அம்மென்பொருளும் அவ்வாறே நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொள்கிறது. கெட்ட இடத்தில் நின்று மல்லாடாமல் தாண்டிச் செல்கிறது. கடைசியாகத் திரும்பி வந்து விட்டவற்றைச் சிறிது சிறிதாகச் சுரண்டியெடுக்கிறது. எடுத்தது எது, விடுபட்டது எது என்று ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டே போகிறது. ஆதலால் மின்சாரம் நின்றாலும் அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டைக் கண்ட நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

செய்முறை பெரிதன்று. நோயுற்ற தட்டைக் கழற்றி, நலமான வேறொரு கணினியில் இணைத்து, அதே கொள்ளளவு அல்லது அதனினும் பெரிய புதுத் தட்டொன்றையும் இணைத்துக்கொள்ள வேண்டும். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் முறைமையைத் தொடக்கி வேலை செய்தல் நன்று; விண்டோஸ் கேளாமலே தட்டில் எதையாவது எழுதத் துணியும். மூலத் தட்டு எது, படித் தட்டு எது என்பதைக் கட்டளை கொடுக்குமுன் மும்முறை சரிபாருங்கள். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வெற்றுத் தட்டு மூலத்தின் மேல் ஏறி, இருந்ததும் போய்விடும். 500 கிகாபைட்டுத் தட்டு நலமாயிருந்தால் இரண்டு மணி நேர அளவில் வேலை முடியும். நோயுற்றதாயின் நாட்கணக்கிலும் செல்லலாம், பொறுமை வேண்டும்.

செய்யத் தகாதன சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். 'தட்டைத் திருத்தவா?' என்று கணினி கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்தத் திருத்தம் நோயுற்ற தட்டிலேயே எழுதும். 'ஃபோர்மட் செய்யவா?' என்று கேட்டாலும் அவ்வாறே. தட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் பிழைக்கும் என்று ஒரு கதை உலவுகிறது. நமது கடற்கரைக் காற்றிலே, வெளியே எடுத்தவுடன் தட்டின்மேல் நீர் பூத்துவிடும் என்பதை அக்கதை சொல்வதில்லை. வெள்ளத்தில் நனைந்த தட்டை வெயிலிற் காயவைத்து ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

இடைவிடாது 'டக், டக்' என்று அடிக்கும் தட்டும், சுழலவே மறுக்கும் தட்டும் வீட்டு வைத்தியத்துக்கு அடங்கா. தூசியற்ற அறையில் மூடியைத் திறந்து, அதே இனத் தட்டிலிருந்து முனையைக் கழற்றி மாற்ற வல்ல நிபுணரிடமே செல்ல வேண்டும். செலவு பெரிது, பலன் உறுதியன்று. எனினும் நம்பிக்கை இழப்பதற்கில்லை. கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்ட கொலம்பியா விண்கலம் 2003 பெப்ரவரி 1ஆந் திகதி வானிலே சிதறியபோது, அதிலிருந்த வன்தட்டும் தரையில் வந்து வீழ்ந்தது. சில மாதங்களின் பின், வறண்ட ஏரிப் படுகையொன்றில் அதைக் கண்டெடுத்தனர். பெட்டி கருகி, உள்ளே தூசி புகுந்திருந்தது. ஆயினும் அமெரிக்க நிபுணர் அதிலிருந்து 99 சதவீதத்தை மீட்டனர். செனன் வாயுவைப் பற்றிய அந்த ஆராய்ச்சி 2008இல் வெளியாயிற்று.

பெண்கள் இருக்கும் குடும்பப் படங்களை அந்நியர் கையில் ஒப்படைப்பதா என்ற தயக்கம் நமது வீடுகளில் உண்டு. அது நியாயமான தயக்கமே. படியெடுக்கும் வேலைக்கு எந்தப் படத்தையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. கணினி கற்ற மருமகனோ, பேரனோ வீட்டிலேயே இதைச் செய்யலாம். கடைக்குக் கொடுப்பதானால், படியெடுத்தவுடன் இரு தட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

படி கைக்கு வந்தபின் தேடும் வேலை தொடங்கும். கோப்புகளின் பெயர்ப் பட்டியலே அழிந்துபோயிருப்பினும், கிறிஸ்தோப் கிரெனியே என்பவர் ஆக்கிய 'போட்டோரெக்' என்னும் இலவச மென்பொருள் படங்களைக் கண்டெடுக்கும். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே விதமான மூன்று பைட்டுகளோடு தொடங்குவதால், அந்த முகப்பைத் தேடிச்சென்று அது எடுக்கிறது. பெயரும் திகதியும் இராமல் ஆயிரக்கணக்கிற் படங்கள் குவியும். இணையத்துச் சில்லறைப் படங்களும் கலந்திருக்கும். குடும்பமாக அமர்ந்து பொறுக்க வேண்டியதே. சில படங்களின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக மாறியிருக்கும். எறிந்துவிடாதீர்கள், படம் மேலிருந்து கீழாகப் பதிவதால், மேற்பாதியில் முகம் முழுமையாகவே இருக்கக்கூடும்.

மீட்டவற்றை இரு தட்டுகளில் எழுதி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். கல்முனைக் கரையோரத்தார் தமது தட்டொன்றைக் கிட்டங்கிக்கு அப்பால் நாவிதன்வெளி உறவினரிடமும், நாவிதன்வெளியார் தமதொன்றைக் கல்முனையில் மாடிவீட்டு உறவினரிடமும் கொடுத்து வைக்கலாம். உறையின்மேல் ஆண்டையும் உள்ளடக்கத்தையும் எழுதுங்கள். ஆண்டுக்கொருமுறை, நோன்புப் பெருநாளிலோ பொங்கலிலோ வீட்டார் கூடும்போது, ஓட்டித் திறந்து பாருங்கள். பழைய தட்டையும் உடனே எறிய வேண்டாம். துணியிற் சுற்றி அலுமாரியிற் கிடக்கட்டும்.