சிந்தனைத் திரிபும் அறிகை நடத்தைச் சிகிச்சையும்

மனச்சோர்வை, தன்மீதே திரும்பிய சினத்தின் விளைவாகப் புரொய்ட் வழிவந்த உளப்பகுப்பாய்வாளர் விளக்கினர். 1950களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இக்கொள்கையை ஆய்வுமூலம் நிறுவ முற்பட்ட ஆரோன் பெக், நோயாளரின் கனவுகளில் தோல்வியும் இழப்புமே மேலோங்கி நிற்கக் கண்டார். 'நான் எதற்கும் உதவாதவன்' என்பது போலத் தாமாகவே எழும் எண்ணங்கள் உணர்வையும் நடத்தையையும் வழிநடத்துகின்றன என்ற கருத்தை அவர் 1960களில் வளர்த்தெடுத்தார். அறிகை நடத்தைச் சிகிச்சைக்கு அதுவே அடிப்படையாயிற்று.

இச்சிகிச்சையில் அவ்வெண்ணம் வெறுமனே மறுக்கப்படுவதில்லை. ஒரு கருதுகோளாகச் சோதிக்கப்படுகின்றது. பரீட்சையில் தவறி, இகழ்ச்சிக்கு அஞ்சி நண்பரைத் தவிர்க்கும் மாணவன், தன் தீர்ப்புக்குச் சார்பானவும் எதிரானவுமான சான்றுகளை எழுதுகின்றான். பின்னர் நண்பரிடம் சென்று, அஞ்சியது நேர்ந்ததா என நோக்குகின்றான். மாறிய நடத்தையே இங்குச் சான்றாகின்றது.

ஆயினும் ஓர் எல்லையை நாம் வற்புறுத்த வேண்டியுள்ளது. வேலையிழந்த ஒருவர் 'நாளைய உணவுக்கு வழியில்லை' என வருந்துவது திரிபன்று, அது உண்மைநிலை. 'ஆதலின் நான் பயனற்றவன்' என முடிவுசெய்வதே திரிபு. இவ்வேறுபாட்டை மறந்தால், சமூக அநீதியின் பழியைப் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே நாம் சுமத்தியவராவோம்.