பூட்டுக்கும் தேய்மானம் உண்டு

சாவியில்லாமல் பூட்டைத் திறப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கின்றனர். அவர்கள் திருடர்கள் அல்லர். குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர்களின் இனத்தைச் சேர்ந்தவர்கள். நம் விடுதியிலும் இரண்டு மூன்று பேர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். நானும் அக்கூட்டத்தில் ஒருவன்தான். "உடைக்காமல்தானே திறக்கிறோம், பூட்டுக்கு என்ன குறைந்துவிடும்?" என்பது எங்கள் வாதம். அந்த வாதம் மர்பி டவுனில் என் ஆயா வீட்டு வாசலில் செத்துப்போயிற்று.

ஆயா வீட்டுக் கதவில் இருந்தது பின் பூட்டு. அமெரிக்கரான லைனஸ் யேல் 1861ஆம் ஆண்டில் செம்மைப்படுத்திய அமைப்பு அது. சாவி நுழையும் உருளை ஒன்று, அதைச் சுற்றி ஒரு கூடு. இரண்டையும் ஊடுருவிச் சிறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு துண்டாகப் பித்தளைப் பின்; அதை அழுத்திக்கொண்டு மயிரிழை போன்ற ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால், பின்களின் பிளவு எல்லாம் உருளையின் விளிம்போடு ஒன்றுபோல் வந்து நிற்கும், உருளை சுழலும். சாவி இல்லாதவன் ஒரு வளைந்த தகட்டால் உருளையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பியால் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அந்த நிலைக்குக் கொண்டுவருகிறான். கலை அவ்வளவுதான்.

கம்பியோ எஃகு, பின்னோ பித்தளை. எது தேயும் என்று நான் சொல்ல வேண்டுமா? குடைக்கம்பியைத் தட்டி நான் செய்துகொண்ட கருவியின் முனையை அரம் போட்டு மழுக்கவுமில்லை. மூன்று வாரம், நாள்தோறும் இருபது முப்பது தடவை, அந்தக் கதவைத் திறந்தேன். ஆயா கைதட்டிச் சிரித்தாள். பொறுமை குறைந்த நாட்களில் கம்பியை உள்ளே விட்டு வரட்வரட்டென்று இழுப்பதும் உண்டு. விரைவில் திறக்கும் என்பது உண்மை. பூட்டுக்கு அதைவிடப் பகையான முறை வேறில்லை என்பதும் உண்மை.

ஒரு மாலை ஆயா கடைக்குப் போய்த் திரும்பினாள். சாவி நுழைந்தது, பாதி திரும்பியது, நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்குள்ளே. எதிர்வீட்டார் போட்ட நாற்காலியில் அவள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அல்சூரிலிருந்து சாவிக்காரரை அழைத்துக்கொண்டு நான் வந்து சேர்ந்தபோது அவள் முகம் வெளிறிக் கிடந்தது.

சாவிக்காரர் பூட்டைக் கழற்றி, உள்ளிருந்தவற்றை ஒரு செய்தித்தாளின் மேல் கொட்டினார். இரண்டு பின்களின் முனையில் கீறலும் பிசிறும். ஒரு ஸ்பிரிங் அளவுக்கு மீறி நசுங்கி, உருளைக்கும் கூட்டுக்கும் நடுவே சிக்கியிருந்தது. துளைகளின் ஓரமும் மழுங்கியிருந்தது. தகட்டை நான் வேண்டியதற்கு மேல் முறுக்கியதன் பலன் அது.

"தம்பி, இதுல யாரோ கை வச்சிருக்காங்க. திருடன் இல்ல. திருடன் ஒரு தடவைதான் வருவான்."

ஆயா என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

பூட்டைக் கெடுக்காமல் திறப்பது தனித்த ஒரு திறமை என்பதை வல்லுநர்கள் நெடுநாளாக அறிவர். 1851இல் லண்டன் பெரும் பொருட்காட்சிக்கு வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், புகழ்பெற்ற சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். அதோடு விடவில்லை, பழுதின்றி அதை மறுபடி பூட்டியும் காட்டினார். பிராமா பூட்டு அவரிடம் பதினாறு நாட்களில் 51 மணி நேரம் வேலை வாங்கியது. அதன்பின் நடுவர்கள் அசல் சாவியைப் போட்டுப் பார்த்தனர். அது பழையபடி வேலை செய்த பிறகே வெற்றி முழுமையாயிற்று. நாங்கள் என்றைக்காவது அந்தச் சோதனை செய்தோமா?

2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டு வேறு இனம், லீவர் பூட்டு. அதில் பின் கிடையாது. தட்டையான லீவர்களைச் சாவி உரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். கம்பியால் முரட்டுத்தனமாகத் தூக்கினால் லீவர் வளையும், அல்லது அதன் ஸ்பிரிங் ஒடியும். கம்பியின் முனை உள்ளே முறிந்து தங்கிவிட்டால் பூட்டையே பிரிக்க வேண்டியதுதான்.

நான் பொழுதுபோக்கை விட்டுவிடவில்லை. பழைய சாமான் கடையில் வாங்கிய மூன்று பூட்டுகள் இப்போது என் மேசைமேல் கிடக்கின்றன. எந்தக் கதவிலும் அவை இல்லை. கம்பியின் முனையை மழுக்கிவிட்டேன். முறுக்குத் தகட்டை ஒற்றை விரலால் தொட்டால் போதும் என்பதும் இப்போதுதான் புரிகிறது. பிடி இளகினால் பின்கள் தாமாகவே வழிக்கு வருகின்றன. பூட்டு இறுகுகிறதென்றால் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து பிசின்போல் ஆகிவிடும். பின் பூட்டுக்குப் பென்சில் கரித்தூள் நல்லது.

ஆயா வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மூன்று சாவி. ஒன்று அவளிடம், ஒன்று எதிர்வீட்டில். மூன்றாவதை என்னிடம் கொடுத்தபோது, "இத மட்டும் போட்டுத் தெற, கண்ணு" என்றாள்.