'நாளை வருவேன்': யாருக்குச் சொன்ன பதில்?

போன மார்கழியில் செஞ்சிப் பக்கம் தளவானூர் குகைக்கோயிலுக்குப் போயிருந்தேன். மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த சத்துருமல்லேசுவராலயம். அங்கே பாறையில் வடமொழிச் செய்யுளும் இருக்கிறது, தமிழ்ச் செய்யுளும் இருக்கிறது. உடன் வந்த நண்பர் குருமடத்தில் சில வருஷம் படித்தவர். "இங்க ரெண்டு மொழியிலயும் வெட்டி வச்சிருக்கான். எங்க தாத்தா காலத்துல பூசை முழுக்க லத்தீன்தான்" என்றார். பிறகு அவர் சொன்ன விஷயம்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய டிசம்பர் 17 முதல் 23 வரை, மாலைச் செபத்தில் மரியாளின் பாடலோடு நாளுக்கொன்றாக ஏழு சிறு லத்தீன் பாடல்கள் பாடப்படும். 8ஆம் நூற்றாண்டளவிலேயே உரோமையில் வழங்கியவை. ஒவ்வொன்றும் 'ஓ' என்ற விளியோடு தொடங்கி, வரப்போகிறவரை ஒரு பெயரிட்டு அழைத்து, 'வா' என்று கேட்கும். சபியென்சியா (ஞானம்), அதோனாய் (ஆண்டவர்), ராதிக்ஸ் (வேர்), கிளாவிஸ் (திறவுகோல்), ஓரியென்ஸ் (உதயம்), ரெக்ஸ் (அரசன்), எம்மானுவேல். இப்பெயர்களின் லத்தீன் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து கோர்த்தால் 'ஏரோ கிராஸ்' என்று வரும். பொருள்: நாளை வருவேன். திட்டமிட்டதா, தற்செயலா என்ற வாதம் இருக்கட்டும். ஏழு நாள் அழைப்புக்கான பதில் எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது. லத்தீன் எழுத்தறிந்தவனுக்கே அது கிடைக்கும். காத்திருப்பவன் பாமரன், பதிலோ மடத்துக்குள்.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு வழி திறந்தது. அழைப்பு தமிழுக்கு வந்தது. முதலெழுத்துகள் மாறியதால் அந்த ஒளித்த பதில் வரவில்லை. இதை இழப்பென்று சிலர் வருந்தலாம். எனக்கு வருத்தமில்லை. பூட்டிய பதிலைவிடப் புரிகிற கேள்வி மேல்.

ஆனால் தமிழ் என்றாலே பூட்டில்லை என்று நாம் மார்தட்ட முடியுமா? அதே டிசம்பர் நாட்களில்தான் நம் பாவைப் பாடல்களும் தொடங்குகின்றன. ஒரு பெண் இன்னொருத்தியைக் கதவைத் தட்டி எழுப்பும் பேச்சு அது. நாளுக்கொன்றாக முப்பது நாள். இதே திருவெம்பாவை பாங்காக்கின் அரசவைப் பிராமணர்களிடம் 'திரியம்பாவாய்' சடங்கின் மந்திரமாகிவிட்டது. ஓதுகிறார்கள், பேச்சாக அது யாரையும் எழுப்புவதில்லை. தோழியின் அழைப்பு அங்கே லத்தீன் ஆகிவிட்டது.

எனவே கருவறையில் தமிழ் கேட்டுப் போராடுகிற நாம் கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ஓதுவது எந்த மொழி என்பதோடு, அதை யார் ஓதலாம், வெளியே நிற்பவனுக்குப் பொருள் சொல்லப்படுகிறதா? தளவானூர்ப் பாறையில் தமிழ் இருக்கிறது. அன்று அந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?